தகராறு எந்த ஊரில் தீரும்? கொங்குநாட்டு ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நூல் விலை, மின்கட்டணம், சாயக்கழிவு, டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்கவரி) என்று அரசிடம் கேட்க வேண்டியவற்றை நீங்கள் விடாமல் கேட்டு வருகிறீர்கள். இந்த மடல் அவற்றைப் பற்றியது அல்ல. வெளிநாட்டுப் பையர் பணம் தராமல் இழுத்தடிக்கும்போது எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின்படி, யாரிடம் போய்க் கேட்பது என்பதை முடிவு செய்யும் இரண்டு மூன்று வரிகளைப் பற்றியது. திருப்பூர் பனியனுக்கும் கரூர் திரைச்சீலைக்கும் கோவை பம்புக்கும் வரும் ஆர்டர்களில் அந்த வரிகளைப் பெரும்பாலும் பையர்தான் எழுதுகிறார். நாம் படிக்காமலே ஒப்புக்கொள்கிறோம். ஏற்றுமதி ஒப்பந்தங்களுக்கு ஆவணம் எழுதுவதும், தகராறு வந்தால் நடத்துவதும் எங்கள் தொழில். சங்கங்கள் ஒன்றுகூடிச் செய்தால் மட்டுமே நடக்கக்கூடிய சில வேலைகள் இதில் இருப்பதால் எழுதுகிறோம்.

ஆர்டர் எப்படி வருகிறது என்பதில் தொடங்குவோம். பி.ஓ. (பர்சேஸ் ஆர்டர்) ஒரு பக்கம்தான்: ஸ்டைல் எண், அளவு, விலை, ஷிப்மென்ட் தேதி. கடைசியில் சின்ன எழுத்தில், ‘எங்கள் வெண்டர் மேனுவலில் அவ்வப்போது மாற்றப்படும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று இருக்கும். அந்த மேனுவல், அதாவது சப்ளையர்களுக்கான விதித்தொகுப்பு, பையரின் இணையப் போர்ட்டலில் கிடக்கும். ஆர்டரைக் கவனிக்கும் நம் மெர்ச்சன்டைசர் ‘அக்செப்ட்’ அழுத்தியதும் அது ஒப்பந்தமாகிவிடுகிறது. தாமதமானால் வாரத்துக்கு இத்தனை சதவீதம் டெபிட் நோட் (விலையில் பிடித்தம்), ஒரு பி.ஓ.வின் பிடித்தத்தை இன்னொரு பி.ஓ.வின் பணத்தில் பிடித்துக்கொள்ளும் உரிமை, நியூயார்க் அல்லது இங்கிலாந்துச் சட்டம், அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என எல்லாமே அதற்குள் இருக்கும்.

நம் பக்கத்தில் என்ன செய்கிறோம்? இன்வாய்ஸின் அடியில் ‘திருப்பூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஒப்பந்தம் முடிந்து, துணி வெட்டி, தைத்து, பெட்டி கட்டிய பிறகு போகும் தாள் அது. ஏற்கெனவே முடிந்த ஒப்பந்தத்தை அது திருத்தாது. நிபந்தனையைச் சேர்க்க வேண்டிய இடம் ப்ரோஃபார்மா இன்வாய்ஸும் (ஒப்பந்தத்துக்கு முன் அனுப்பும் விலைத்தாள்) ஆர்டர் உறுதிக் கடிதமும்தான். அவற்றையும் பி.ஓ.வை ஏற்பதற்கு முன் அனுப்பி, பையரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இரு தரப்பும் முரண்பட்ட தாள்களை மாறி மாறி அனுப்பியிருந்தால், கடைசியாக வந்து எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றப்பட்ட தாளே இந்திய, ஆங்கிலச் சட்டங்களில் பொதுவாக நிற்கும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் முரண்படும் இரண்டு நிபந்தனைகளுமே விழுந்து, பொதுச் சட்டம் அந்த இடத்தை நிரப்பும். எங்கே வழக்கு நடக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே கடிதப் போக்குவரத்துக்கு இரண்டு விடை கிடைக்கும் என்பதை நம் ஆட்கள் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தீர்ப்பின் மதிப்பு. கோவையில் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கிவிடலாம். ஆனால் பையரின் வங்கிக் கணக்கும் கிடங்கும் கோவையில் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் பரஸ்பர நாடுகளாக (ஒன்றின் தீர்ப்பை மற்றது நிறைவேற்றும் நாடுகளாக) அறிவிக்கப்பட்டவற்றில் இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், நியூசிலாந்து, 2020 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை இருக்கின்றன. அமெரிக்காவும் ஜெர்மனியும் அந்தப் பட்டியலில் இல்லை. நம் டிக்ரியை இங்கிலாந்தில் பதிவு செய்து நிறைவேற்ற 1958 முதல் வழி இருக்கிறது. அமெரிக்காவில் அந்தந்த மாநிலச் சட்டப்படி தனி அங்கீகார வழக்குப் போட வேண்டும். நீதிமன்றத் தேர்வு குறித்த 2005 ஹேக் உடன்படிக்கையிலும், தீர்ப்பு அங்கீகாரம் குறித்த 2019 ஹேக் உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை. 2025 ஜூலையில் இங்கிலாந்துடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் சுங்கவரியைக் குறைக்கும். தனியாருக்கு இடையிலான பாக்கியை வசூலித்துத் தராது.

நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் விசாரிக்கும் முறைதான் ஆர்பிட்ரேஷன். அதில் வரும் நடுவர் தீர்ப்பின் நிலை வேறு. நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. நாம் சரக்கு அனுப்பும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்பெயின், அமீரகம் எல்லாம் அதில் அடக்கம். இந்தியா 1960இலேயே சேர்ந்துவிட்டது. சென்னையில் அமர்ந்து நடுவர் கொடுக்கும் தீர்ப்பை ஹாம்பர்க்கிலோ நியூ ஜெர்சியிலோ நிறைவேற்றக் கேட்கலாம். அந்நாட்டு நீதிமன்றம் வழக்கை மறுபடி முதலிலிருந்து விசாரிக்காது. ஆகவே பெரிய தொகை ஆர்டர்களுக்கு ஆர்பிட்ரேஷன் ஷரத்துதான் சரி என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஆனால் அந்த ஷரத்தை எழுதுவதில்தான் நம் ஊரில் அதிகம் சறுக்குகிறார்கள்.

‘தகராறு எழுந்தால் ஆர்பிட்ரேஷனுக்குக் கொண்டு செல்லலாம்’ என்று எழுதினால் அது ஷரத்தே அல்ல. ‘லாம்’ என்பது விருப்பம். இரு தரப்பும் மீண்டும் சம்மதித்தால்தான் நடக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2007 முதல் சொல்லி வருகிறது. ‘தீர்க்கப்பட வேண்டும்’ என்று கட்டாயமாக எழுத வேண்டும். ‘திருப்பூரில் ஆர்பிட்ரேஷன், இல்லையேல் லண்டன் நீதிமன்றம்’ என்று எழுதுவது இரண்டு படகில் கால் வைப்பது. முதல் இரண்டு வருடம் எங்கே நடத்துவது என்ற சண்டையிலேயே போகும். இல்லாத ஆர்பிட்ரேஷன் அமைப்பின் பெயரைப் போடுவது, ‘நடுநிலையான நாட்டில்’ என்று ஊர் பெயர் சொல்லாமல் விடுவது, ஏஜென்ட் வேறு ஆர்டருக்குப் போட்ட ஷரத்தை அப்படியே ஒட்டுவது ஆகியவையும் அடிக்கடி பார்ப்பவை.

நல்ல ஷரத்தில் ஆறு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம். ஆர்பிட்ரேஷன் உடன்பாட்டுக்கு எந்தச் சட்டம். சட்டப்படியான இருக்கை எந்த ஊர். எந்த அமைப்பு, அதன் எந்த விதிகள். நடுவர் ஒருவரா மூவரா. நடவடிக்கை எந்த மொழியில். இருக்கை என்பது விசாரணை நடக்கும் அறை அல்ல. எந்த நாட்டு நீதிமன்றம் நடுவரை மேற்பார்வையிடும், தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதைக் குறிப்பது அது. 2012இல் பாரத் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஷரத்தில் ‘நடைபெறும் இடம்’ என்று மட்டும் எழுதினால் அதுவே இருக்கையா என்று வாதிட வேண்டிவரும். ஆகவே ‘இருக்கை’ என்ற சொல்லையே போடுங்கள். இரண்டாவது விஷயத்தை, அதாவது ஆர்பிட்ரேஷன் உடன்பாட்டின் சட்டத்தை, பலர் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம், இருக்கை லண்டன் என்றால் இது பெரிய தலைவலி. இங்கிலாந்தின் 2025 திருத்தச் சட்டம், வேறு எதுவும் சொல்லாவிட்டால் இருக்கை நாட்டின் சட்டமே பொருந்தும் என்று தீர்த்துவைத்தது. மற்ற நாடுகளிலும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அமைப்பின் பெயர் ஏன் அவசியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தரப்பு வெளிநாட்டு நிறுவனம் என்றால் நம் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டப்படி அது சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷன். இருக்கை இந்தியாவில் இருந்து, அமைப்பு எதுவும் குறிப்பிடாமல் இருந்தால், பையர் நடுவரை நியமிக்க ஒத்துழைக்காதபோது 11ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பெருந்துறையில் இருக்கும் ஒரு யூனிட் 35 லட்ச ரூபாய் பாக்கிக்காக நடுவரை நியமிக்க டெல்லியில் வழக்கறிஞர் வைக்க வேண்டும். சென்னையில் உள்ள நானி பால்கிவாலா ஆர்பிட்ரேஷன் மையம் போன்ற அமைப்பின் விதிகளை எழுதியிருந்தால், பையர் வராவிட்டாலும் அமைப்பே நடுவரை நியமித்துவிடும். இடைக்காலத் தடை கேட்கும் 9ஆம் பிரிவு மனுவும் சர்வதேச ஆர்பிட்ரேஷனில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். நடுவர் ஒருவர் போதும். மூவர் என்றால் கட்டணம் மும்மடங்கு. நடுத்தர ஆர்டருக்குத் தாங்காது. சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷன் மையத்தை பையர்கள் எளிதில் ஏற்பார்கள், அதன் விரைவு நடைமுறைகளும் நல்லவை. ஆனால் கட்டணத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் இந்தியச் சட்டமும் இந்திய இருக்கையும்தான் நமக்கு நல்லது என்ற எண்ணமும் சரியல்ல. ஜெர்மன் வணிகச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, சரக்கு வந்ததும் பையர் தாமதமின்றிப் பரிசோதித்து, குறை இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லத் தவறினால் சரக்கை ஏற்றதாகவே பொருள். 1980 வியன்னா சர்வதேச சரக்கு விற்பனை உடன்படிக்கையிலும் இதே போக்கு: 39ஆம் விதிப்படி நியாயமான காலத்தில் அறிவிக்காவிட்டால் பையருக்கு உரிமை போய்விடும், எப்படியும் இரண்டு ஆண்டுதான் உச்ச வரம்பு. இந்தியா அந்த உடன்படிக்கையில் இல்லை, இங்கிலாந்தும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ‘ஜெர்மன் சட்டம்’ என்று மட்டும் எழுதினால் ஜெர்மன் சட்டத்தின் பகுதியாக அந்த உடன்படிக்கையும் உள்ளே வந்துவிடும். ஐந்து மாதம் கடையில் விற்றுவிட்டு, மீதியை ‘ஷேட் வேரியேஷன்’ (நிற வேறுபாடு) என்று திருப்பும் பையருக்கு எதிராக இது நமக்கு உதவும். எனவே பையரின் சட்டம் என்றதும் பயந்து மறுக்காமல், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

சிறு தொகைக்கு பையரின் ஊர் நீதிமன்றமே மலிவானதாக இருக்கலாம். அங்கே டிக்ரி வாங்கினால் அங்கேயே நிறைவேற்றலாம். இதில் இ.சி.ஜி.சி. (அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) பாலிசியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரக் குறை என்று பையர் தகராறு கிளப்பிவிட்டால், பையரின் நாட்டு நீதிமன்றத்தில் நம் பக்கம் டிக்ரி வாங்கும்வரை அந்த இழப்பு காப்பீட்டில் வராது. பணம் தர மனமில்லாத பையருக்கு இது தெரியும். ஆகவே பணத்தட்டுப்பாடு என்று சொல்ல மாட்டார், ‘குவாலிட்டி இஷ்யூ’ என்பார். நடுவர் தீர்ப்பையும் அந்த டிக்ரிக்கு ஈடாக ஏற்பார்களா என்று சங்கங்கள் இ.சி.ஜி.சி.யிடம் எழுத்தில் கேட்டு, பதிலை எல்லா உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். தனி யூனிட் கேட்டால் கிடைப்பதைவிடச் சங்கம் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

நோட்டீஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க நீதிமன்றச் சம்மன் தபாலில் வந்தால் ‘நமக்குச் செல்லாது’ என்று தூக்கிப் போடுகிறார்கள். 1965 ஹேக் சம்மன் உடன்படிக்கையில் சேர்ந்தபோது, தபாலில் சம்மன் அனுப்புவதை இந்தியா ஏற்கவில்லை என்பது உண்மை. வழக்கின் சாரத்தைப் பார்க்காமல் ஒருதலையாகக் கொடுத்த வெளிநாட்டுத் தீர்ப்பு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் இங்கே முடிவானதல்ல என்பதும் உண்மை. ஆனால் லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் மின்னஞ்சலில் வந்தால் நிலைமை முற்றிலும் வேறு. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் முகவரியாக அந்த மின்னஞ்சல் இருந்தால் அது போதும். நாம் வராவிட்டாலும் நடுவர் தீர்ப்பெழுதுவார், அதைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்பார்கள். தடுப்பதற்கு 1996 சட்டத்தின் 48ஆம் பிரிவில் உள்ள காரணங்கள் மிகக் குறுகியவை; 2020இல் விஜய் கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. நோட்டீஸ் வந்ததும் அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் போக வேண்டும். எதிர்க்கோரிக்கை இருந்தால் அப்போதே எழுப்ப வேண்டும்.

வெளிநாட்டுப் பையருக்காக இங்கே வாங்கித் தரும் ஏஜென்டான பையிங் ஹவுஸைப் பற்றிச் சங்கங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 230ஆம் பிரிவு: வெளிநாட்டில் வசிக்கும் வணிகருக்காக ஏஜென்ட் சரக்கு வாங்க ஒப்பந்தம் செய்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை ஏஜென்டே நேரடிப் பொறுப்பாளி என்று சட்டம் அனுமானிக்கிறது. பையர் கைவிட்டபோது அவிநாசி ரோட்டில் அலுவலகம் வைத்திருக்கும் ஏஜென்ட்மேல் கேட்கும் வாசல் இதுதான். அதை மூடவே பி.ஓ.வில் ‘நாங்கள் ஏஜென்ட் மட்டும், எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று ஒரு வரி போடுகிறார்கள். அந்த வரியைக் கவனித்து அடிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் விலையில் அதற்கு ஈடு கேளுங்கள். மும்பை, டெல்லி மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டருக்கு (இங்கே வாங்கி ஏற்றுமதி செய்யும் வணிகருக்கு) விற்கும் சிறு யூனிட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2006 சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குமேல் பாக்கி வைத்தால், வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டியுடன் கோவை மண்டல வசதியாக்கக் குழுவிடம் கேட்கலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் பரவாயில்லை. குழுவின் தீர்ப்பை எதிர்த்துப் போக அவர் 75 சதவீதம் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பையரை மட்டும் அந்தக் குழுவின் முன் கொண்டுவர முடியாது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, சரக்கு அனுப்புவதற்கு முன்பே இருக்கட்டும். பின்னால் எடுத்தால் அதுவே தனித் தகராறாகும்.

எதிர்த்தரப்பு யார் என்பதையும் பார்க்க வேண்டும். லேபிளில் ஒரு பெயர், பி.ஓ.வில் ஹாங்காங் துணை நிறுவனம், பணம் அனுப்புவது மூன்றாவது நிறுவனம் என்றிருந்தால், வழக்கு பி.ஓ. நிறுவனத்தின்மேல்தான் போகும், அதனிடம் சொத்தே இல்லாமல் இருக்கலாம். இங்கிலாந்து நிறுவனங்களின் கணக்கை கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துணை நிறுவனம் என்றால் தாய் நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் கேளுங்கள்.

எல்.சி. (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) இருந்தால் பாதித் தகராறு வராது. எல்.சி.க்கான சர்வதேச யு.சி.பி. 600 விதிகளின்படி வங்கி ஆவணத்தைத்தான் பார்க்கும், சரக்கை அல்ல. ஐந்து வங்கி நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ‘பையரின் பிரதிநிதி கையெழுத்திட்ட இன்ஸ்பெக்ஷன் சான்று’ ஓர் ஆவணமாகக் கேட்கப்பட்டிருந்தால் சாவி பையர் கையில்தான் இருக்கிறது. விலை சரிந்த சீசனில் அந்தக் கையெழுத்து வராது. அந்த ஷரத்தை எல்.சி. வந்த அன்றே திருத்தச் சொல்ல வேண்டும். சரக்கு தூத்துக்குடி போய்ச் சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. எல்.சி. இல்லாத ஆர்டரில், பையர் நியமித்த ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்பிவைக்கும் நிறுவனத்திடம்) சரக்கைக் கொடுத்துவிட்டு வெறும் ரசீதை வாங்கினால் சரக்கின்மேல் நம் பிடி போய்விடும். ‘டு ஆர்டர்’ என்ற அசல் பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெறக் காட்ட வேண்டிய கப்பல் ரசீது) கையில் இருக்கட்டும். அசல் தாள் இல்லாமல் சரக்கை விட்டுக்கொடுத்த கப்பல் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட பொதுவாக ஒரே ஆண்டுதான் கெடு. ஒப்பந்தப் பாக்கிக்கு மூன்று ஆண்டு இருக்கிறது என்று நினைத்து இதைத் தவறவிடுகிறார்கள்.

சாட்சியம் சேர்ப்பது ஷிப்மென்ட்டுக்கு முன் செய்ய வேண்டிய வேலை. பையர் ஒப்புதல் தந்த பிபி (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிளை இரு தரப்புக் கையெழுத்துடன் முத்திரையிட்டு ஒன்றை நம்மிடம் வைக்க வேண்டும். ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கான துணி எடை), சுருக்கம், சாயம் நிற்கும் தன்மைக்கான லேப் ரிப்போர்ட்டில் பி.ஓ. எண்ணும் லாட் எண்ணும் இருக்க வேண்டும். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எந்த ஆய்வு நிலை, மேஜர் குறைக்கா மைனர் குறைக்கா என்பதும் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்ஷன் தேறிய பிறகு பையர் எழுப்பும் தரப் புகாருக்கு, வந்திறங்கி எத்தனை நாளுக்குள், எந்தப் பொது ஆய்வகத்தின் அறிக்கையுடன் என்று வரம்பு போடுங்கள்.

ஒப்புதல்களில் பாதி இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது, அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியெண்) குறிக்க வேண்டும். மெர்ச்சன்டைசர் வேலையை விட்டுப் போகும்போது போனும் அவரோடு போய்விட்டால் சான்றிதழ் யார் தருவது? கம்பெனி சிம், கம்பெனி போன், வாரம் ஒருமுறை உரையாடலைக் கோப்பாக எடுத்து வைத்தல், முக்கிய ஒப்புதலை அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துதல் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டால் போதும்.

2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குக்கான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது நடந்ததை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரை நம் பொறுப்பு) ஆர்டரில் இறக்குமதி வரி பையருடையது, டி.டி.பி. (வரியும் கட்டி பையரிடம் சேர்ப்பது) ஆர்டரில் நம்முடையது. எஃப்.ஓ.பி. வைத்திருந்தவர்களிடமும் ‘பகிர்ந்துகொள்ளலாமா’ என்று மின்னஞ்சல் வந்தது. ‘சரி’ என்று ஒற்றைச் சொல் பதில் போட்டால் அது ஒப்பந்தத் திருத்தம். எந்த பி.ஓ.வுக்கு, எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை, வரி குறைந்தாலோ திரும்பக் கிடைத்தாலோ யாருக்கு என்று நான்கையும் எழுதாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பையர் திவாலானால் கெடு நாள் கணக்கில் ஓடும். அமெரிக்க திவால் சட்டத்தின் 503(பி)(9) பிரிவின்படி, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய 20 நாளில் பையர் பெற்ற சரக்கின் மதிப்புக்கு முன்னுரிமை உண்டு. ‘பெற்ற’ என்பது கப்பலில் ஏற்றிய நாளா, கைக்கு வந்த நாளா? 2017இல் வேர்ல்ட் இம்போர்ட்ஸ் வழக்கில், சீனாவிலிருந்து எஃப்.ஓ.பி. முறையில் வந்த சரக்கைப் பற்றி, கைக்கு வந்த நாளே கணக்கு என்று டெலவேரை உள்ளடக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தூத்துக்குடியில் ஏற்றி ஒரு மாதமானாலும் அந்த 20 நாளுக்குள் போய்ச் சேர்ந்திருந்தால் கேட்கலாம். கோரிக்கை மனுவுக்கான கடைசித் தேதியைத் தவறவிட்டால் இதுவும் போகும். வழியில் இருக்கும் சரக்கை நிறுத்தும் உரிமை நம் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 50ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பையர் நொடித்தது தெரிந்த அன்றே ஃபார்வர்டருக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும்.

இனி உங்களிடம் கேட்பது. திருப்பூர், கரூர், ஈரோடு, கோவை, நாமக்கல் சங்கங்கள் சேர்ந்து, பி.ஓ.வுடன் சேர்க்க இரண்டு பக்க மாதிரி இணைப்பு ஒன்றைத் தயாரியுங்கள். சட்டம், இருக்கை, அமைப்பு, புகார்க் கெடு, டெபிட் நோட்டுக்கு உச்ச வரம்பு, வரி மாற்றம் ஆகியவை அதில் இருக்கட்டும். ஆங்கில வாசகமும் அதன் பக்கத்திலேயே தமிழ் விளக்கமும் வேண்டும். தனி யூனிட் கேட்டால் ‘வேறு சப்ளையர் இருக்கிறார்’ என்பார் பையர். நூறு யூனிட் ஒரே தாளை நீட்டினால் அப்படிச் சொல்ல முடியாது. முழுவதையும் ஏற்காத பையரிடம்கூட இருக்கையும் புகார்க் கெடுவுமாவது கிடைக்கும்.

சென்னை அமைப்பு ஒன்றுடன் பேசி, ஒரு கோடி ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட ஏற்றுமதித் தகராறுகளுக்கு ஒரே நடுவர், ஆவண அடிப்படையில் விசாரணை, காணொலி வழியில் சாட்சி, நிர்ணயித்த கட்டணம் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்யுங்கள். நடுவர் பட்டியலில் ஜவுளி தெரிந்தவர்களும் இருக்கட்டும். டையிங் குறைக்கும் காம்பாக்டிங் குறைக்கும் வேறுபாடு தெரியாதவருக்கு அதை விளக்குவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மெர்ச்சன்டைசர்களுக்கும் ஆவணப் பிரிவினருக்கும் பி.ஓ. படிக்கும் பயிற்சியைச் சங்க அரங்கிலேயே நடத்துங்கள். போர்ட்டலில் ‘அக்செப்ட்’ அழுத்துவது அவர்கள்தான். மாதிரி இணைப்பின் முதல் வரைவை எழுதித் தரவும், பயிற்சிக்கு வந்து பேசவும் நாங்கள் கட்டணமின்றி ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஒப்பந்தப் பணியில் உள்ள வழக்கறிஞர்களும் ஆவணப் பணியாளர்களும்,
திருப்பூர், கரூர், கோவை